களிம்பு

திங்கள், காலை

சனிக்கிழமை மாலையே இழுவை வண்டியில் வந்து இறங்கிவிட்டது. இரண்டு இரவுகள் பட்டறைக்குள் தனியாக நின்றிருக்கிறது. இன்று விளக்கைப் போட்டதும் கண்ணில் பட்டது அதன் நிறம்தான். கறுப்பென்றே சொல்லிவிடலாம், அவ்வளவு அடர்ந்த நீலம். 1971-ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 280 எஸ்இ 3.5 கூப்பே. கதவு மூடும் சத்தத்தைக் கேட்பதற்காகவே ஒருமுறை திறந்து மூடினேன்.

எங்கள் பட்டறை ஸ்டுட்கார்ட்டை ஒட்டி, நெக்கார் ஆற்றின் கரையில் இருக்கிறது. ஜன்னலில் நின்றால் உண்டர்டுர்க்ஹைமின் திராட்சைச் சரிவுகள் தெரியும். இந்த வண்டியின் எஞ்சின் அந்தப் பக்கத்து ஆலையில் செய்தது. உடல் கட்டியது சிண்டெல்ஃபிங்கனில். பிறந்த ஊரிலேயே முதுமையடைந்த வண்டி இது.

உரிமையாளர் எண்பது கடந்த அம்மையார். வண்டி அவருடைய கணவர் வாங்கியது. கணவர் போன பிறகும் விற்கவில்லை. முன் இருக்கையில் ஒரு தாள் வைத்திருந்தார். கையெழுத்து நடுங்கினாலும் வரி நேராக இருந்தது. காலையில் நன்றாகக் கிளம்புகிறது, பத்து நிமிடம் ஓடியதும் மூச்சுத் திணறுகிறது, புகை கறுப்பாக வருகிறது, உள்ளே பெட்ரோல் வாடை. இதற்கு முன் ஓரிடத்தில் காட்டியதாகவும், அதன் பிறகு இன்னும் மோசமானதாகவும் கடைசி வரியில் எழுதியிருந்தார்.

நல்ல நோய்க்குறிப்பு. எப்போது என்பதைச் சொல்லியிருக்கிறார். குளிரில் சரி, சூட்டில் தவறு. பாதி வேலையை அந்தத் தாளே செய்துவிட்டது. ஆனால் அதை நான் உணர மூன்று நாள் ஆகும் என்று அப்போது தெரியாது.

*

இன்று எதையும் தொடுவதில்லை என்று முடிவு.

இது பட்டறையின் தலைமை வினைஞரான மைஸ்டர் எனக்குக் கற்றுத்தந்த முதல் பாடம். பன்னிரண்டு வருடம் முன்பு இங்கே சேர்ந்த புதிதில், இதே குடும்பத்து எஞ்சின் ஒன்றை என்னிடம் விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். பயணியின் காலடியில், பக்கப் பலகைக்குப் பின்னால், ஒரு கனத்த புத்தகம் அளவுக்கு உலோகப் பெட்டி இருக்கிறது. அதுதான் எஞ்சினுக்கு எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் மூளை. அதன் விளிம்பில் ஒரு சிறிய திருகு. திருப்பினால் ‘கிளிக்’ என்று ஒரு படி நகரும், மந்த ஓட்டத்தின் கலவை கூடும் அல்லது குறையும். என்னால் சும்மா இருக்க முடியவில்லை. நான்கு கிளிக் இந்தப் பக்கம், ஆறு கிளிக் அந்தப் பக்கம். எஞ்சின் சத்தம் மாற மாற, ஏதோ சரியாகிறது என்று நம்பினேன். அவர் திரும்பி வந்து என் பக்கத்தில் குந்தினார். ‘எங்கே இருந்தது?’ என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. எந்த இடத்திலிருந்து புறப்பட்டேன் என்று எண்ணிக்கொள்ளவில்லை. அவர் திட்டவில்லை. ‘இப்போது இரண்டு கோளாறு இருக்கிறது. ஒன்று வண்டியுடையது, ஒன்று உன்னுடையது’ என்றார்.

அன்றிலிருந்து இந்தக் குறிப்பேடு. எதைத் தொடுவதற்கு முன்பும் அது இருந்த நிலையை எழுதிவிடுகிறேன்.

*

சாவியைப் போட்டு, எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்தினேன். பின்னால் பெட்ரோல் பம்ப் ஒரு முனகல். ஒன்று, ஒன்றரை விநாடி. அமைதி. சரியாக இருக்கிறது. குழாயில் அழுத்தத்தை ஏற்றிவிட்டு, எஞ்சின் சுழலும்வரை பம்ப் காத்திருக்க வேண்டும் என்பது இதன் அமைப்பு. விபத்தில் எஞ்சின் நின்றால் பம்பும் நிற்க வேண்டும் என்று அன்றே யோசித்திருக்கிறார்கள்.

பிறகு அந்தப் பழைய சோதனை. சாவி போட்டபடி, எஞ்சின் உறங்க, ஆக்ஸிலரேட்டரை மிக மெதுவாக அழுத்த வேண்டும். த்ராட்டிலின் தண்டில் ஒரு சுவிட்ச் உண்டு. உள்ளே சீப்பின் பல் போல் தாமிரத் தடங்கள். அழுத்தும்போது ஒவ்வொரு பல்லையும் தொட்டுப்போகும் தொடுமுனை, ‘கால் இறங்குகிறது, கூடுதலாகக் கொஞ்சம் கொடு’ என்று மூளைக்குச் சொல்லும். அப்போது பெட்ரோலைத் தூவும் இன்ஜெக்டர்கள் திறந்து மூடும் சத்தம் கேட்கும். காலை எடுத்தால் கேட்காது. கொடுக்கத்தான் சொல்லும், பிடுங்கச் சொல்லாது.

நீளத் திருப்புளியின் நுனியை ஒவ்வொரு இன்ஜெக்டர் மேலும் வைத்து, கைப்பிடியைக் காதுக்கு முன்னாலுள்ள எலும்பில் ஒட்டிக் கேட்டேன். பயிற்சிப் பையன் உள்ளே உட்கார்ந்து மெதுவாக அழுத்தினான். டக். டக். டக். உலோகத்துக்குள் மழைத்துளி விழுவது போல ஒரு சத்தம். எட்டும் பேசின.

எழுதிக்கொண்டேன்: எட்டு.

*

பெட்ரோல் செலுத்தும் இந்த அமைப்பை டி-ஜெட்ரானிக் என்பார்கள். ‘டி’ என்பது ஜெர்மன் மொழியில் அழுத்தத்தைக் குறிக்கும் ‘ட்ருக்’. பாஷ் நிறுவனம் 1967-இல் ஃபோக்ஸ்வேகன் 1600 வண்டியில் முதலில் வைத்தது. கலிஃபோர்னியாவில் புகைக்கான சட்டம் இறுகிக்கொண்டிருந்த காலம். கார்புரேட்டரை வைத்துக்கொண்டு அந்தச் சட்டத்தைத் தாண்டுவது கஷ்டம். பிறகு 1969-இல் மெர்சிடிஸ் 250 சிஇ. சிட்ரோயென் டிஎஸ், வால்வோ 1800, போர்ஷே 914 எல்லாம் அடுத்தடுத்து வந்தன. 1975-இல் பன்னிரண்டு சிலிண்டர் ஜாகுவாரும் சேர்ந்தது. உயர்ந்த வண்டிகளின் பானட்டுக்குக் கீழே, அதுவரை பித்தளையும் மிதவையும் இருந்த இடத்தில், டிரான்சிஸ்டர் வந்து உட்கார்ந்தது இப்படித்தான்.

ஆனால் யோசனை இன்னும் பழையது. அமெரிக்காவில் பெண்டிக்ஸ் நிறுவனம் ‘எலக்ட்ரோஜெக்டர்’ என்ற பெயரில் 1950-களிலேயே செய்துவிட்டது. 1958-இல் கிரைஸ்லர் 300டி, டிசோட்டோ அட்வென்ச்சரர் போன்ற சில வண்டிகளில் விலை கூட்டிக் கொடுத்தார்கள். சில டஜன் வண்டிகள்தான் அப்படிப் போயின. அன்றைய மெழுகுக் காகித மின்தேக்கிகள் வெப்பத்தையும் ஈரத்தையும் தாங்கவில்லை. பெரும்பாலான வண்டிகள் திரும்ப வரவழைக்கப்பட்டு, கழற்றிய இடத்தில் கார்புரேட்டர் மாட்டப்பட்டது. அந்தக் காப்புரிமைகளின் மேல் நின்றுதான் பாஷ் பிறகு கட்டியது. யோசனை சரியாக இருந்தது. அதைத் தாங்கும் பொருள்தான் இன்னும் பிறந்திருக்கவில்லை. பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. அந்தப் பத்து வருடத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். சரியான ஒன்று, தன் காலம் வருவதற்கு முன்பே வந்து, தோற்றதாக எழுதப்பட்டு, ஓர் அலமாரியில் கிடந்த பத்து வருடம்.

*

செவ்வாய்

காலை எட்டு மணி. பட்டறைக்குள் 9 டிகிரி. எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. குளிரில் கிளப்ப உதவும் தனி வால்வு சில விநாடி பெட்ரோலைத் தூவி ஒதுங்கிக்கொண்டது. தாளில் எழுதியிருந்தபடியே எல்லாம். எட்டாவது நிமிடத்தில் மந்த ஓட்டம் ஆடத் தொடங்கியது. பத்தாவது நிமிடத்தில் சைலென்சர் வாயில் பிடித்த வெள்ளைத் துணி கறுத்தது.

பெட்ரோல் அதிகம். இது தெரிய முகர்ந்தாலே போதும். ஏன் அதிகம் என்பதற்கு ஐந்தாறு வழி இருக்கிறது. எல்லா வழியும் ஒரே கறுப்பில்தான் வந்து முடிகிறது.

முதலில் மின்னணு அல்லாதவை. கம்ப்ரெஷன் பார்த்தேன், எட்டும் ஒன்றுக்கொன்று நெருக்கம். இக்னிஷன் பாயிண்ட் இடைவெளி, டைமிங், ப்ளக் எல்லாம் பார்த்தாயிற்று. இந்த வரிசையை மாற்றக்கூடாது. மின்னணு என்றதும் எல்லோருக்கும் அந்தப் பெட்டியின் மேல் சந்தேகம் போய்விடுகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததாலேயே குற்றம் அதன் மேல் விழுகிறது. நான் பார்த்த வரையில் அந்தப் பெட்டி அரிதாகத்தான் சாகிறது. ஐம்பது வருடத்துக்கு முந்தைய டிரான்சிஸ்டர், ரெசிஸ்டர், கையால் அடுக்கிய பலகை. மைக்ரோசிப் கிடையாது, நினைவு கிடையாது. நேற்று நடந்தது அதற்குத் தெரியாது. இந்த நொடி தன் கம்பிகளில் வந்து சேர்வதை மட்டும் கேட்டு, இந்த நொடிக்கான பதிலைச் சொல்கிறது. தவறான பதில் சொன்னால், தவறான செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அழுத்தமானியைப் பெட்ரோல் குழாயில் கோத்தேன். இருக்க வேண்டியது 2.0 பார். இருந்தது 2.4.

ரெகுலேட்டரின் பூட்டு நட்டை விளக்கு பிடித்துப் பார்த்தேன். சுற்றிலும் ஐம்பது வருடப் பழுப்பு. நட்டின் இரண்டு முகங்களில் மட்டும் பளபளப்பு. சமீபத்தில் ஸ்பானர் பட்ட இடம். இதற்கு முன் காட்டிய இடத்தில் யாரோ ஏற்றியிருக்கிறார்கள். இந்த அமைப்பில் இன்ஜெக்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும் என்பதை மட்டும்தான் மூளை முடிவு செய்கிறது. அழுத்தம் எப்போதும் இரண்டு என்று நம்பியே கணக்குப் போடுகிறது. அழுத்தத்தை ஏற்றினால், அதே நேரத்தில் கூடுதல் பெட்ரோல் இறங்கும். மூளைக்கு இது தெரியவே தெரியாது.

ஆனால் ஏன் ஏற்றினார்கள்? கோபம் வந்தது. பிறகு அந்தக் கேள்வியோடு உட்கார்ந்தேன். யாரும் காரணமில்லாமல் ஏற்றமாட்டார்கள். அந்த ஆளுக்கு முன்னால் இந்த எஞ்சின் வேறு ஏதோ சொல்லியிருக்கிறது. பசி என்று சொல்லியிருக்கும். அவர் சோறு போட்டிருக்கிறார்.

அழுத்தத்தை இரண்டுக்கு இறக்கினேன். உடனே அந்தப் பழைய குரல் கேட்டது. எஞ்சின் நொண்டியது. எட்டுக் கால் குதிரை ஆறு காலில் ஓடுவது போல.

*

எந்த இரண்டு?

ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு இன்ஜெக்டராக அதன் இணைப்பைப் பிடுங்கிப் பார்க்க வேண்டும். நன்றாக வேலை செய்யும் சிலிண்டரின் இணைப்பைப் பிடுங்கினால் ஓட்டம் சட்டென்று தடுமாறும். வேலை செய்யாததைப் பிடுங்கினால் ஒன்றும் ஆகாது. இல்லாத ஒருவர் எழுந்து போனால் யாருக்குத் தெரியும்?

நான்கிலும் எட்டிலும் ஒன்றும் ஆகவில்லை.

நேற்று இந்த இரண்டும் காதில் தெளிவாகப் பேசின. டக் டக் என்று சொல்லின. அப்படியென்றால் இன்ஜெக்டர் நல்லது, கம்பி நல்லது, மூளையின் கடைசிப் படி நல்லது. பேசத் தெரிந்தவர்கள் பேசவில்லை என்றால் அழைப்பு வரவில்லை என்று பொருள்.

இந்த எட்டு சிலிண்டர் எஞ்சினில் இன்ஜெக்டர்கள் இரண்டிரண்டாக நான்கு குழு. டிஸ்ட்ரிபியூட்டரின் அடிவயிற்றில் நான்கு சின்னத் தொடுமுனைகள் உண்டு. சுழலும் தண்டு ஒவ்வொன்றையும் தட்டிப்போகும்போது அந்தந்தக் குழுவுக்கு ‘இப்போது’ என்று அழைப்பு போகும். நான்காவதும் எட்டாவதும் ஒரே குழு. ஒரு தொடுமுனை ஊமையானால் இரண்டு சிலிண்டர் பட்டினி.

இரண்டு திருகைக் கழற்றி, தொடுமுனைத் தட்டை உருவினேன். மைஸ்டர் தன் கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் வைத்துக்கொண்டு, தட்டை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். நான்கில் ஒன்றின் முகத்தில் பழைய கிரீஸ் பழுப்பு மெழுகாய் உறைந்திருந்தது. நகத்தின் நுனி அளவு. உப்புத்தாள் எடுக்கப் போன பையனைக் கையை நீட்டி நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து ஒரு விலாச அட்டையை எடுத்து, மூலையை எரிசாராயத்தில் நனைத்து, இரண்டு முகங்களுக்கும் நடுவில் செருகி மெதுவாக இழுத்தார். மூன்று முறை. ஒவ்வொரு முறையும் அட்டையில் ஒரு கோடு. நான்காவது முறை கோடு இல்லை. தொடுமுனைகளின் மேல் பூச்சு மெல்லியது, தேய்த்தால் போய்விடும், பிறகு மாதம் ஒருமுறை இதே வேலை என்று பையனிடம் சொன்னார். அந்த அட்டையை எறியாமல் என் குறிப்பேட்டில் வைத்துவிட்டார். இதை எழுதும்போது பக்கத்தில் இருக்கிறது. மூன்று பழுப்புக் கோடுகள்.

எட்டும் ஓடின. அழுத்தம் இரண்டு. மந்த ஓட்டம் பத்து நிமிடம்வரை பட்டுப் போல இருந்தது.

பத்தாவது நிமிடத்தில் மறுபடியும் கறுப்பு.

*

செவ்வாய், இரவு

தூக்கம் வரவில்லை. எஞ்சின் இழுக்கும் காற்றின் அழுத்தத்தை அளக்கும் உணரியை நினைத்துக்கொண்டே படுத்திருந்தேன். அடுத்த சந்தேகம் அதன் மேல்தான் போகும். இந்த அமைப்பின் இதயம் அது.

உள்ளங்கையில் அடங்கும் வார்ப்பு உருளை. ஒரு ரப்பர் குழாய் வழியாக எஞ்சினின் உள்மூச்சோடு இணைந்திருக்கிறது. உள்ளே மெல்லிய உலோகத்தில் செய்த இரண்டு சின்னச் சிமிழ்கள், துருத்தி போல மடிப்பு விழுந்தவை. அந்தச் சிமிழ்களுக்குள் எதுவும் இல்லை. காற்றை முழுக்க உறிஞ்சிவிட்டு அடைத்திருக்கிறார்கள். எஞ்சின் இழுக்கும் மூச்சு ஆழமானால் சுற்றிலும் அழுத்தம் குறையும், சிமிழ் விரியும். ஆக்ஸிலரேட்டரை அழுத்தினால் காற்று நிறையும், சிமிழ் சுருங்கும். அந்த விரிவும் சுருக்கமும் ஓர் இரும்புத் தண்டை நகர்த்துகிறது. தண்டு ஒரு கம்பிச் சுருளுக்குள் போய் வருகிறது. சுருளின் குணம் மாறுகிறது. அந்த மாற்றத்தைத்தான் மூளை இன்ஜெக்டர் திறந்திருக்கும் நேரமாக மாற்றிக்கொள்கிறது.

அளக்கப்படுவது மூச்சு. அளவுகோல் வெறுமை. அந்த வெறுமையை ஒரு மனிதர் 1971-இல் ஒரு மேசையில் உட்கார்ந்து அடைத்தார். அதன் பிறகு மழை, பனி, கோடை, மலை எல்லாம் வெளியே நடந்தன. கருங்காட்டு மலை உயரத்தில் காற்று மெலிந்தால் சிமிழுக்கு அது தெரிந்தது. வெளிக்காற்றோடு ஒப்பிட்டிருந்தால் தெரிந்திருக்காது, ஏனென்றால் வெளிக்காற்றும் சேர்ந்தே மெலிகிறது. மாறாத ஒன்று வேண்டியிருந்தது. உலகத்தில் மாறாமல் வைத்துக்கொள்ளக்கூடியது என்று அந்தப் பொறியாளர்கள் தேடிக் கண்டது இல்லாமையைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குள் ஏதோ அடங்கிவிடுகிறது. கோயிலில் திரை விலக்கி வெறும் வெளியைக் காட்டுவதை நினைத்துக்கொண்டேன்.

பிற்காலத்து உணரிகளில் கூடவே ஒரு மெல்லிய உலோகத் தகடும் உண்டு, முழுச் சுமைக்காக. அதுதான் வயதாகி விரிசல் விடும். விரிசல் விட்டால் காற்று கசிந்து நுழையும், எஞ்சின் முழு மூச்சில் இழுப்பதாக உணரி நினைத்துக்கொள்ளும், பெட்ரோல் கொட்டும். கறுப்புப் புகைக்கு அது ஒரு காரணம்.

இன்னொரு பயமும் இருக்கிறது. உணரியின் முதுகில் ஓர் அடைப்பு உண்டு. அதன் பின்னால் அளவைத் திருகு. ஆலையில், கருவிகளின் நடுவில் ஒருமுறை சரிசெய்து மூடியது. அவசரக்காரர்கள் அந்த அடைப்பைத் துளைத்துத் திருகைத் திருப்புவார்கள். அப்படிக் கெட்ட ஒன்றை ஒரு ஜாகுவாரில் பார்த்திருக்கிறேன். எந்தக் கணக்கில் மூடினார்களோ அது போய்விட்டது. நல்லது ஒன்றைப் பக்கத்தில் வைத்து, வெற்றிடத்தின் ஒவ்வொரு படியிலும் சுருளை அளந்து அளந்து, மைஸ்டர் இரண்டு வாரம் அதோடு உட்கார்ந்திருந்தார்.

*

புதன்

உணரியின் முதுகைக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். அடைப்பு அப்படியே இருந்தது. யாரும் தொடவில்லை. நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது.

கைப் பம்பைக் கோத்து உறிஞ்சினேன். முள் ஏறி நின்றது. காபி ஊற்றிக்கொண்டு வந்தேன். நின்றது. ஐந்து நிமிடம். ஒரு மயிரிழைகூட அசையவில்லை. மல்டிமீட்டரில் சுருள்கள்: ஒன்று 90 ஓம் பக்கம், மற்றொன்று 350 பக்கம். உடலோடு எந்தத் தொடர்பும் இல்லை. எல்லாம் சரி. ஐம்பது வருடத்துக்கு மேலாகியும் வெறுமை பத்திரமாக இருந்தது.

அப்படியென்றால் என்ன?

தாளை மறுபடி எடுத்தேன். குளிரில் நன்றாகக் கிளம்புகிறது. இதை நான் இரண்டு நாளாக ஒரு வாக்கியமாகப் படித்துக்கொண்டிருந்தேன். அது ஓர் அளவு என்று இப்போதுதான் தெரிந்தது.

எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது கூடுதல் பெட்ரோல் வேண்டும். குளிர்நீர்ப் பாதையில் இருக்கும் வெப்ப உணரிதான் மூளைக்கு இதைச் சொல்லும். சொல்லும் விதம் எளிமையானது. குளிரில் அதன் மின்தடை அதிகம், சூட்டில் குறைவு. 20 டிகிரியில் ஏறக்குறைய 2,500 ஓம். 80 டிகிரியில் 300 சொச்சம். தடை இறங்க இறங்க மூளை கூடுதல் பெட்ரோலைப் படிப்படியாக நிறுத்திக்கொள்ளும்.

எஞ்சினை 80 டிகிரிவரை சூடேற்றி நிறுத்தினேன். உணரியின் மேலேயே மீட்டரை வைத்தேன். 312. அருமை. உணரி உண்மையைத்தான் சொல்கிறது.

பிறகு பயணியின் காலடியில் மண்டியிட்டு, பக்கப் பலகையைக் கழற்றி, பெட்டியிலிருந்து அந்த இருபத்தைந்து முனை இணைப்பை உருவினேன். அதே உணரியை இந்தப் பக்கத்திலிருந்து, மூளை கேட்கும் இடத்திலிருந்து அளந்தேன்.

1,130.

மீட்டரின் கம்பிகளை எடுத்துவிட்டு மறுபடி வைத்தேன். 1,130.

இங்கிருந்து அங்கே போவதற்குள் 800 ஓம் வழியில் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1,130 ஓம் என்றால் மூளைக்கு எஞ்சின் ஏறக்குறைய 40 டிகிரி. பாவம், அது தன் கடமையைச் செய்திருக்கிறது. இன்னும் குளிர்கிறதே என்று ஊட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. குளிர்ந்த காலையில் 2,500-க்கு மேல் இருக்கும் ஒன்றோடு 800 சேர்ந்தால், எஞ்சினுக்கு அப்போது கூடுதல் வேண்டித்தான் இருக்கிறது, பெரிதாக ஒன்றும் தெரியாது. 300 ஆக வேண்டிய இடத்தில் 800 சேர்ந்தால் எல்லாமே தலைகீழ். பத்தாவது நிமிடத்தின் ரகசியம் இவ்வளவுதான். அம்மையார் அதை முதல் வரியிலேயே எழுதியிருந்தார்.

*

உணரியின் தலையிலிருந்த இணைப்பின் ரப்பர் உறை கல்லாகியிருந்தது. தொட்டதும் பிஸ்கட் போல நொறுங்கியது. உள்ளே செம்புக் கம்பி தகட்டோடு சேரும் இடத்தில், பச்சை.

களிம்பு.

அந்த நிறத்தைப் பார்த்ததும் இந்தப் பட்டறைக்கும் இந்த நாட்டுக்கும் வெளியே போய்விட்டேன். வெள்ளிக்கிழமைகளில் அம்மா பூஜைச் செம்பை எடுத்துக்கொண்டு கிணற்றடியில் உட்காருவாள். புளியைக் கரைத்து, சாம்பலைத் தொட்டு, வட்ட வட்டமாகத் தேய்ப்பாள். பச்சை போகும், செம்பு சிவக்கும். அடுத்த வெள்ளி மறுபடி பச்சை. சைவ சித்தாந்தத்தில் ஆன்மாவையும் ஆணவ மலத்தையும் சொல்ல எடுத்த உவமை இந்தச் செம்பும் களிம்பும்தான். களிம்பு வெளியிலிருந்து வந்து ஒட்டியது இல்லை, செம்பு என்று இருக்கும்போதே அதுவும் கூடவே இருக்கிறது என்று சொல்வார்கள். சின்ன வயதில் எங்கள் தெரு மடத்தில் இதைக் கேட்டபோது, அது அம்மாவுடைய செம்பைப் பற்றிய பேச்சு என்றே நினைத்திருந்தேன்.

ஊசி முனையால் கொஞ்சம் சுரண்டினேன். கம்பியின் உறையைப் பின்னோக்கி உரித்துக்கொண்டே போனேன். பச்சை உள்ளேயும் போயிருந்தது. ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை, நான்கு. அதற்கப்பால் செம்பு ரோஜா நிறத்தில், புதிதாகத் தெரிந்தது. அங்கே வெட்டினேன். அதே தடிமன், அதே நிறக் கோடுள்ள கம்பியாகத் தேடிச் சேர்த்து, புதிய தகட்டை நெரித்து, புதிய ரப்பர் உறை போட்டேன். எஞ்சினின் சூட்டில் இந்தக் கால வயரிங் எல்லாமே இப்படித்தான் ஆகிறது. ஜாகுவாரின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினுக்கு மேல் ஓடும் கம்பிகள் இன்னும் மோசம், வளைத்தாலே உறை உதிரும். அதனால் மற்ற ஏழெட்டு இணைப்புகளையும் திறந்து பார்த்தேன். இரண்டில் இளம்பச்சை. அவற்றையும் மாற்றினேன். எர்த் இணைப்பைத் திறந்து, சுத்தம் செய்து, இறுக்கினேன்.

மறுபடியும் காலடியில் மண்டியிட்டு அளந்தபோது 318.

*

வியாழன்

கடைசியாக, மூளைப் பெட்டியின் விளிம்பிலுள்ள அந்தக் கலவைத் திருகு. இதற்கு முன் தொட்டவர் அதையும் திருப்பியிருந்தார். கறுப்புப் புகையைக் குறைக்கப் பார்த்திருக்கிறார், பாவம். கிட்டத்தட்ட மெலிவின் கடைசிப் படிவரை தள்ளியிருந்தது. பட்டினிக்கு அழுத்தத்தை ஏற்றி, அதனால் வந்த அஜீரணத்துக்குத் திருகைத் திருப்பி, ஒன்றின் மேல் ஒன்றாக. ஒவ்வொன்றும் அந்த நேரத்தில் எஞ்சின் சொன்னதற்கு நேர்மையான பதில்தான். அவருக்கு நேரம் கொடுத்திருக்கமாட்டார்கள். எனக்கு நான்கு நாள் கொடுத்தார்கள்.

திருகு இருந்த இடத்தை எழுதிக்கொண்டேன். பிறகு புகைமானியைச் சைலென்சரில் செருகி, எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஒரு கிளிக், காத்திருத்தல், ஒரு கிளிக், காத்திருத்தல். ஒவ்வொரு கிளிக்குக்கும் எஞ்சின் தன்னைத் தானே கேட்டுக்கொண்டு அடங்க அரை நிமிடமாவது ஆகிறது. கையேடு சொன்ன அளவுக்கு வந்தபோது திருகு ஏறக்குறைய நடுவில் நின்றது.

மைஸ்டர் ஒன்றும் சொல்லவில்லை. பானட்டின் மேல் உள்ளங்கையை வைத்து, கண்ணை மூடிக் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு தன் மேசைக்குப் போய்விட்டார்.

*

மதியம் அம்மையார் வந்தார். கையுறையைக் கழற்றாமல் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். பம்பின் முனகல் அடங்கும்வரை காத்திருந்து, அதன் பிறகுதான் கிளப்பினார். யாரும் சொல்லித்தராமல் வராது அது.

‘அவர் அப்படித்தான் செய்வார்’ என்றார், என் பார்வையைக் கவனித்து. ‘முதலில் அது பேசட்டும் என்பார்.’

நான் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள, ரோட்டன்பெர்க் பக்கம் திராட்சைத் தோட்டங்களின் நடுவே ஏறும் பாதையில் போனோம். கொடிகள் வெட்டி முடித்து வெறும் கட்டைகளாக நின்றன. எட்டாவது நிமிடம், பத்தாவது நிமிடம். அவரும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் வந்தார் என்று பிறகு தெரிந்தது. பன்னிரண்டாவது நிமிடத்தில் ஒரு வளைவில் ஓரமாக நிறுத்தி, மந்த ஓட்டத்தில் விட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கினார். ஆற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று வந்தது. பெட்ரோல் வாடை இல்லை. எஞ்சின் ஓடுகிறதா என்று முள்ளைப் பார்த்தால்தான் தெரியும்.

என்ன கெட்டுப்போயிருந்தது என்று கேட்டார். சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தைப் பிரித்து, நான்கு விரற்கடை நீளமுள்ள அந்தப் பச்சைக் கம்பித் துண்டை அவர் உள்ளங்கையில் வைத்தேன். கையுறையைக் கழற்றி, விரலால் தடவிப் பார்த்தார். பச்சைத் தூள் கொஞ்சம் ரேகைகளில் ஒட்டியது. துடைக்கவில்லை. காகிதத்தில் மறுபடி மடித்து, தன் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

2.0 பார். 318 ஓம். திருகு நடுவிலிருந்து ஒரு கிளிக் வலது. காற்று 6 டிகிரி.